மூன்றாம் லிஸ்டை அழிக்கப் போன கதை: பண்டாரவளையில் ஒரு நாள்

பண்டாரவளைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். போன நவம்பரில் (2007) போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. பிள்ளைக்கு வலிப்பு என்று ஒரு தாய் எழுதிய கடிதத்துக்காகப் போனேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பலசரக்குக் கடை. அங்கே வேலை செய்யும் சிவகுமார் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. ஒருநாள் பருப்புப் பொட்டலத்தோடு மடித்த கடதாசி ஒன்றையும் தந்தான். அவனுடைய அக்கா புஷ்பராணி எழுதியது. "மிஸ், கம்ப்யூட்டர்ல எங்க பேர அடிச்சது நீங்கதான். கொழும்புல இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து என் பேர எடுத்துவிடுங்க. தூரத்து மலைக்கே அனுப்புறாங்க. நிரோஷாவுக்கு வலிப்பு வந்தா எனக்குத் தெரியிறதுக்கே ஒரு மணித்தியாலம் ஆகுது."

அடித்தது நான்தான் என்பது உண்மை. 1998இல் ஒரு சிறிய கம்பெனியில் தட்டச்சு வேலைக்கு இருந்தபோது, அந்தத் தோட்டத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று மாதம் பண்டாரவளையில் தங்கி, கொழுந்து எடுக்கும் அறுபத்திரண்டு பெண்களின் வரவையும் நிறுவையையும் நான்தான் அடித்தேன். அது ஆட்களை மூன்று லிஸ்டாகப் பிரித்துத் துப்பியது. முதல் லிஸ்டுக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே உள்ள கிட்டத்து மலை. மூன்றாம் லிஸ்டுக்கு முக்கால் மணித்தியாலம் ஏறவேண்டிய பதினோராம் நம்பர் மலை. மத்தியான நிறுவைக்கு நேரத்துக்கு வராதவர்களையெல்லாம் அது 'நேரம் தவறுபவர்' என்று மூன்றாவதில் போட்டது. அப்படி விழுந்த பதினொரு பேரும் கைக்குழந்தைக்காரிகள். குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருபவர்கள்.

எனக்கு அது அப்போதே தெரியும். மேலதிகாரியிடம் ஒரு தடவை கேட்டேன். அடிக்கிறதுதான் உங்கட வேலை என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஒன்றரை வருடத்தில் நிர்வாகம் மாறி, அந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா, தொலைந்தது என்றுதான் நினைத்தேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். கோட்டையில் இருந்து காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பு 230 ரூபாய். ஜன்னலோரம் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே போய் நில்லுங்கள். யுத்த நேரம், வழியில் இரண்டு தடவை பொலிஸார் அடையாள அட்டை பார்த்தார்கள். இரண்டாவது ஆள், யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குப் பண்டாரவளையில் என்ன வேலை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒரு பிழையைத் திருத்தப் போகிறேன் என்று சொன்னால் இறக்கிவிடுவார். சிநேகிதி வீட்டுக் கல்யாணம் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பெரகலப் பக்கமெல்லாம் ஒரே புகார், பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பண்டாரவளையில் இறங்கும்போது பின்னேரம் 3.20, நாற்பது நிமிடம் தாமதம்.

நிலையத்துக்குப் பக்கத்தில் அறை, காலைத் தேநீரோடு 800 ரூபாய். சுடுதண்ணீர் உண்டு என்பார்கள், நம்பாதீர்கள். பையைப் போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். பூனாகலை வீதியில் ஒன்பது கிலோமீற்றர், அங்கே காத்து நின்று திரும்பி வர 700 ரூபாய். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன், கேட்காதீர்கள்.

ஓட்டோக்காரர் ரஹீம் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும், அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் அத்துப்படி. மூன்றாம் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லாமலா என்று சிரித்தார். லயத்தில் சண்டை வந்தால் முதலில் வரும் ஏச்சே அதுதானாம். போன வருடம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், தாய் மூணாம் லிஸ்டு, மகளும் சோம்பேறியாகத்தான் இருப்பாள் என்று சொல்லி அனுப்பினார்களாம். கம்ப்யூட்டரைத்தான் எடுத்துவிட்டார்களே என்றேன். அதை எடுத்தா என்னங்க, அது சொன்னத யாரு எடுக்கிறது என்றார்.

தோட்டத்து அலுவலகத்தில் நான் இருந்து அடித்த மேசையில் இப்போது கேத்தலும் நாலு கோப்பையும். பெரிய கிளாக்கர் மரியாதையான மனிதர். அலுமாரியைத் திறந்தே காட்டினார். லிஸ்ட் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அழிக்க ஒன்றும் இல்லையே மிஸ் என்றார்.

ஆட்களைப் பெயர் கூப்பிட்டு மலை பிரித்துவிடுகிற கணக்கப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார், பெயர் ராமையா. அவருக்கு அறுபத்திரண்டு பெயரும் அதே வரிசையில் மனப்பாடம். புதிதாக வருகிறவர்கள் நடுவில் சேர்வார்கள், மூன்றாம் லிஸ்ட் மட்டும் கடைசியில் அப்படியே நிற்கும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். மனிதர் ஒளிக்கவில்லை. முன்பெல்லாம் கிட்டத்து மலைக்கு ஒவ்வொரு நாளும் அடிபிடியாம். கம்ப்யூட்டர் பிரித்ததும் யாரும் வாய் திறக்கவில்லையாம், அதை எதற்குக் கலைக்கவேண்டும் என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஐயா, அந்த லிஸ்டை அடிச்சது நான். அது பிழை. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனவையைத்தான் அது நேரம் தவறுற ஆக்கள் எண்டு போட்டது" என்றேன். பதினொரு பெயரையும் பிள்ளைகளின் வயதையும் சொல்லச் சொல்ல, அவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது ஒன்பது, பத்து வயது. "அப்படீங்களா? சரிங்க மிஸ். நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க. அவங்களையே முதல்ல கூப்புடுறேன். முதல்ல நிக்கிறவங்களுக்குக் கிட்டத்து மலை" என்றார்.

எனக்கு அவர் காலில் விழாத குறை. புஷ்பராணியின் லயம் அங்கிருந்து இருபது நிமிட இறக்கம். மழை பிடித்துவிட்டது, ரஹீம் நானாவும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதெல்லாம் சாட்டு. உண்மையைச் சொன்னால், காலையில் தன் பெயர் முதலாவதாக வரும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை. சொல்லாமலே திரும்பி வந்தேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த நாள் 5.30க்கு அதே ஓட்டோ. 6.15க்குப் பெரட்டுக் களத்தில் நின்றேன். காலையில் வேலைக்கு முன் எல்லோரும் கூடுகிற இடம் அது. நல்ல குளிர், தூறல் வேறு. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நாற்பது பேர்வரை நின்றார்கள். நான் தேடிய முகம் இல்லை. வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு ராமையா குரலைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு வரிசை மாறுது, மிஸ் கொழும்பில் இருந்து வந்து விளக்கம் சொல்லியிருக்கிறார் என்றார். முன்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, ஒன்பது வருடமாக நாங்கள் பார்த்த மலை என்று முணுமுணுத்தாள்.

"புஷ்பராணி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பதினொரு பேரில் ஒருத்திகூட அங்கே இல்லை. கடைசிப் பெயருக்கு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

ராமையா சிரிக்கவில்லை. "பார்த்தீங்களா மிஸ்? கம்ப்யூட்டர் பொய் சொல்லலைங்க" என்றார். பையில் இருந்து பேனாவையும் ஒரு கடதாசியையும் எடுத்து, பதினொரு பெயரையும் எழுதி, நேரே 'லேட்' என்று போட்டார். தேடித் தேடி ஒரு கடதாசி அகப்படவில்லை என்றேனே. இப்போது ஒன்று உண்டாகிவிட்டது, என் புண்ணியத்தில்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க, அந்தப் பதினொரு பேரும் கூடையோடு சேர்ந்து வந்தார்கள். அது அவர்களுடைய பெயர் வருகிற நேரம். என்னைக் கண்டதும் புஷ்பராணிக்கு அவ்வளவு சந்தோஷம். நடந்ததை நான்தான் சொன்னேன். சந்தோஷம் போய்விட்டது. அவள் அழவில்லை, கத்தவுமில்லை.

"ஒம்பது வருஷமா கடைசியா கூப்புட்டா, யாரு மிஸ் முன்னாடி வந்து குளிர்ல நிப்பா? ஆறரைக்குப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்து மாத்திரை குடுக்கணும். அத முடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்னு வந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, "நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சு மணிக்கே வந்து நின்னுருப்பேனே" என்றாள்.

அன்றைக்கு அவளைக் கேட்காமல் அவள் பெயரை அடித்தேன். இன்றைக்கு அவளைக் கேட்காமல் அவள் பெயரை அழிக்கப் போனேன். அவள் ராமையாவிடம் போய், நாளைக்கு நேரத்தோடு வந்தால் முன்னால் கூப்பிடுவீர்களா என்று கேட்டாள். முதலில் ஒழுங்காக வாங்க, பிறகு பார்ப்போம் என்றார். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பதினோராம் நம்பர் மலைக்கு ஏறினாள். புகாருக்குள் பத்தடி தாண்டியதும் ஆள் தெரியவில்லை.

நான் அன்று காலை 10.40 ரயிலிலேயே கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். ரயில் ஹாலிஎலைப் பக்கத்தில் இருந்து முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். நவம்பரில் போனால் குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். ஓட்டோவுக்கு ஏறுமுன்னே விலை பேசுங்கள். தோட்டத்துக்குள் யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று போகிறவர்கள், மழை என்றும் பாராமல் முதலில் அந்த ஆளின் லயத்துக்கு இறங்குங்கள். பிறகு அலுவலகத்துக்குப் போகலாம்.

போன கிழமை சிவகுமாரிடம் விசாரித்தேன். அக்கா இப்போது ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கே பெரட்டுக்குப் போய்விடுகிறாளாம். நிரோஷாவும் வெள்ளைச் சீருடையோடு கூடவே போய், அங்கே நின்றபடி ரொட்டியைத் தின்று மாத்திரையை விழுங்குகிறாளாம். களத்துக்கு முதல் ஆளாக வருகிறவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தானாம். பெயரை இன்னும் கடைசியாகத்தான் கூப்பிடுகிறார்களாம்.