நாலு முனைப் பாவாடை

என்னைப் போல ஓர் அதிகப்பிரசங்கியை எங்கள் கடற்கரைத் தெரு கண்டதில்லை. ஏழு வயதில் நான் செய்த காரியத்தை நினைத்தால், இந்தக் கையை முறித்துப் போட்டால் என்ன என்று இன்றும் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்தும் துணிக்குக் கட்டுப்பாடு நீங்காத காலம். தூத்துக்குடித் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மனைவி, கான்வென்டில் தையல் பழகிய என் அக்காவிடம் சதுரமான பச்சைப் பட்டுத்துணி ஒன்றைக் கொடுத்திருந்தாள். தன் மகளுக்குக் கைக்குட்டைப் பாவாடை வேண்டுமாம். கைக்குட்டையை நடுவில் பிடித்துத் தூக்கினால் நான்கு முனைகளும் தொங்குமே, அந்த மாதிரி. நன்றாக அமைந்தால் அக்காவுக்கு அந்த வீட்டிலேயே தையல் வேலை.

அப்போது கொழும்பில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவர் அக்காவைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பாவைவிட இரண்டு வயதுதான் குறைவு. அக்கா அழுத அழுகையில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

“துரைசாணி வேலை குடுத்தாள்னா இந்தப் பேச்சை விட்டுருதேன். இல்லன்னா அவருக்குச் சரின்னு சொல்லிருவேன், பாத்துக்க.”

பார்த்து வெட்ட அளவுத்தாள் எதுவும் இல்லை. அப்பாவின் பழைய கைக்குட்டையை வெட்டி, என் துணிப்பொம்மைக்கு மாட்டிப் பார்த்தே அக்கா கற்றுக்கொண்டாள். துணியை நாலாக மடித்து, துணியின் நடு வந்து சேரும் மூலையில் இடுப்புக்காகக் கால் வட்டம் வெட்டவேண்டும். சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுக் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். “சேசுவே, ஒரே துணிதானே இருக்கு” என்றாள். அதற்குள் அம்மா கூப்பிட, எழுந்து போனாள்.

நான் சும்மா இருந்தேனா? துணியை விரித்து, மாதா கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் கோடு அழிந்திருந்தது. வெட்டிவிட்டால் அப்புறம் கோட்டை யார் தேடப்போகிறார்கள்? மறுபடி நாலாக மடித்து, கைக்கு வந்த மூலையை வளைவாக வெட்டினேன். விரித்தால் நடுவில் ஓட்டையே இல்லை. நாலு முனைகளும் தரையில் கிடந்தன.

அக்கா வந்து பார்த்தாள். “ஏளா…” என்றாள். குனிந்து அந்த நாலு துண்டுகளையும் பொறுக்கி, துணியோடு வைத்து வைத்துப் பார்த்தாள். ஒட்டுப் போட்டால் தெரியாமலா போகும்? கடைசியில் வட்டப் பாவாடையாகத் தைத்துக் கொண்டுபோனாள். துரைசாணி வாங்கிக்கொண்டாள், வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“நான்தாம்ப்பா தப்பா வெட்டிட்டேன்” என்றாள் அக்கா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கொழும்புக்குத் தந்தி கொடுக்கப் போனார். அடி விழாமல் தப்பித்தேன் என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன்.

கல்யாணம் முடிந்து அக்கா கப்பலேறிய அன்று, என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அம்மாதான் பிரித்தெடுத்தாள். அக்காவுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில், கொழும்பிலிருந்து சாக்லேட் அனுப்பச் சொன்னேன்.