உம்மா வீட்டுக் கட்டம்

வளைகுடாவில், குதைபியா தெருவில் இருந்த எங்கள் தையல் கடையில் அன்று வாப்பா இருந்தார், நான் இருந்தேன், இரண்டு துணிச்சுருள்களோடு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். மாமா இல்லை. கடையில் பாதிப் பங்கு உள்ளவர், லீவில் ஊருக்குப் போயிருந்தார். இருந்திருந்தால், கேட்காமல் கத்தரியை எடுக்காதீங்க மச்சான் என்று வாப்பாவைத் தடுத்திருப்பார். உம்மாவும் தங்கச்சியும் எப்போதும் போல ஊரில்.

எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறைக்கு விசிட் விசாவில் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் நான்தான் என்பதால், அந்த மாதிரி ஆட்கள் வந்தால் பேசுவது என் டூட்டி. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வந்தவருடைய மகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம், இங்கேயே ஓர் ஓட்டலில். அவர்கள் நாட்டில் ஆண்கள் விசேஷத்துக்கு முழங்கால் வரை மடிப்புப் பாவாடை கட்டுவார்களாம். ஒவ்வொரு வம்சத்துக்கும் தனிக் கட்டம் போட்ட துணி. இவருடைய அப்பா வம்சத்துக்குப் பச்சை, அம்மா வம்சத்துக்குச் சிவப்பு. வழக்கப்படி அப்பாவுடையதுதான், ஆனால் வளர்த்தது அம்மா. முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வாங்கிவிட்டார். தைத்தது போக மற்றதை வாங்கிய கடைக்கே திருப்பிவிடலாம் என்று எண்ணம். கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை. எதைத் தைப்பது என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்வதாகச் சொல்லிப் போனார்.

போன் வரவில்லை. அந்த மடிப்புகளைக் கையால் தைக்க மூன்று நாளாவது வேண்டும். திங்கள் காலை வாப்பா இரண்டு துணியையும் மேசையில் விரித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மனுஷனுக்கு வீடுன்னா உம்மா வீடுதானே," என்று சிவப்பில் கத்தரியை வைத்தார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண் உம்மா வீட்டில் பிறந்து, கல்யாணமானதும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான்.

செவ்வாய் காலை அவர் வந்துவிட்டார். மேடையில் சிக்னல் இல்லையாம். தன் அண்ணன் பச்சை கட்டிக்கொண்டு வருகிறார், தானும் பச்சையில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். பாதி மடித்த சிவப்பைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். ஊர் வழக்கத்தை விளக்கினேன். அப்படியென்றால் உன் அப்பாவின் வீடு எது என்றார்.

தமிழில் கேட்டேன். வாப்பா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

"எங்க உம்மா வீடு என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு ஆச்சு. இப்ப உங்க உம்மா வீட்ல இருக்கேன். உன் தங்கச்சிக்கு ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான்னு சொல்லு."

நான் விரல் விட்டு எண்ணி, பெருமையோடு ஆங்கிலத்தில் சொன்னேன்: என் வாப்பாவுக்கு மூன்று வீடு.

அவர், வெட்டிய துணிக்குக் காசு வேண்டாம் என்றார். அதையும் சொன்னேன்.

"வெட்டினது நான். கலாஸ், பேச்சு முடிஞ்சது," என்றார் வாப்பா.

வியாழன் மாலைக்குள் பச்சையைத் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. சிவப்பின் விலையை இரண்டு மாதத்தில் அடைத்தார். தங்கச்சி வீட்டுக்கு அந்த வருஷம் தளக்கல் போடவில்லை. அந்தச் சிவப்புக் கம்பளித் துணி உம்மாவுக்குப் போர்வையாக ஊர் போனது. எங்கள் ஊர் வெக்கையில் அதை யாரும் போர்த்தியதில்லை.

மூன்று வீட்டுக்காரர் ஏன் கடைக்குப் பின்னால் ஒரே ரூமில் ஐந்து பேரோடு படுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றின் பத்திரத்திலும் வாப்பா பெயர் இல்லை என்பதெல்லாம் அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தச் சிவப்புத் துணியின் விலை மட்டும்தான்: நூற்று எண்பது தினார்.