வெளியே சாய்ந்த கல்

பிள்ளைகளா, அந்தச் சனிக்கிழமை உங்களைப் போடிமெட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்துதான் வந்தோம். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். காரணம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

சக்குபள்ளத்தில் ஒரு மலையாளி வீட்டுத் தோட்டத்தில் சின்ன மீன் குளம். குழியில் பிளாஸ்டிக் படுதா விரித்துத் தண்ணீர் நிறைத்திருந்தார்கள். படுதாவின் ஓரம் தெரியாமல் சுற்றிலும் கல் பதிப்பது என் வேலை. ஒவ்வொரு கல்லையும் இரண்டு விரல் அளவு தண்ணீர்ப் பக்கம் நீட்டி வைக்க வேண்டும். இரண்டு நாள் முட்டி போட்டே வேலை. வெள்ளி சாயங்காலம் கடைசிக் கல்லை வைத்துவிட்டேன்.

சனி காலை நானும் உங்கள் அம்மாவும் கல்லைக் கழுவத்தான் போனோம். அம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, தண்ணி உள்ள ஓடுது."

"குளத்துக்குத்தான ஓடுது? ஓடட்டும்."

"மேல தோட்டத்துல ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தும் மழையில சேந்துல்ல ஓடும்? மீனு மெதக்கும்."

குனிந்து கல்லைப் பார்த்தேன். ஏலத்தோட்டங்களில் படுதாக்குளம் கட்டியே பழகிய கை இது. அது வேனலுக்குத் தண்ணீர் சேர்க்கிற குளம். மழை வீணாகக் கூடாதென்று கரையை உள்பக்கம் சாய்த்துத்தான் வைப்போம். இங்கேயும் அப்படியே வைத்திருக்கிறேன். வாங்கி வந்த மீன்குஞ்சுகள் வராந்தாவில் ஒரு வாளியில் நீந்திக்கொண்டிருந்தன.

"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவா போவுது?" என்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் சொன்னேன்.

"மீனுக்குத் தெரியும்ல. சாய்வு பாக்குற ரசமட்டத்தப் பையில தூங்க வச்சா இப்படித்தான்."

கலவை பாதிதான் இறுகியிருந்தது. உளி வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, உள் விளிம்பைத் தூக்கி, வெளிப்பக்கம் சரித்து மறுபடி பதித்தேன். அம்மா கலவை குழைத்தாள்.

முடிகிற நேரத்தில் வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார்.

"அய்யோ மேஸ்திரி, கல்லு வெளிய சரிஞ்சு போயல்லோ! நேத்து நல்லா இருந்துச்சே!"

நான் கடைசிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நேத்துதான் சேச்சி தப்பு, இன்னைக்குத்தான் சரி," என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மேல் தோட்டத்திலிருந்து இறங்கிய செம்மண் தண்ணீர் கல்லில் முட்டி, திரும்பி, வெளியே வாய்க்காலோடு போனது. குளத்துத் தண்ணீர் கலங்கவில்லை. வீட்டுக்கார அம்மா வாளியை எடுத்து வந்து மீன்களை விட்டார்.

மூன்று நாள் முட்டி போட்டதில், அம்மாவின் கையைப் பிடித்துத்தான் என்னால் எழுந்திருக்க முடிந்தது.