இடப்பக்கத்து ஈறு

சாமைக் கஞ்சியை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிவிட்டு, அம்சவல்லி குனிந்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்க்கிறாள். ஒன்றில் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் கரண்டி மறுபடி இறங்கும். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கிண்ணங்கள் இப்போது அவளுக்கும் கணவன் சின்னராஜுக்கும். பழக்கம் போகவில்லை.

"ஓரவஞ்சன எனக்கு ஆவாது" என்பாள்.

"ஒரு மாட்டுக்குக் காய்ச்சல்னா, ரெண்டுக்கும் ஊசி போடச் சொல்வா" என்று சின்னராஜ் கேலி செய்வான். ஒருமுறை சொல்லவும் செய்தாள்.

வாயில் ஓயாமல் பாக்கு. பாக்கு மெல்லும் வாய் எப்படியாகுமோ அப்படித்தான் ஆனது. ஈறில் இரத்தம் கசிந்தது, கீழ்வரிசைப் பற்கள் ஆடின. இப்படியே போனால் பிடுங்கத்தான் வேண்டும் என்று போளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிட்டாள்.

ஜமுனாமரத்தூருக்குப் புதன்தோறும் பல் மருத்துவ வண்டி வருகிறது. அதில் வரும் டாக்டர் ஃபிஜா வாணியம்பாடிக்காரர். ஈறு நோய்க்கு லேசர் ஒளி கூடுதலாக உதவுமா என்று ஆராய்கிறார். அம்சவல்லிக்கு இரு பக்கமும் சுத்தம் செய்துவிட்டு, வலப்பக்கத்து ஈறில் மட்டும் பேனா போன்ற கருவியால் ஒளி காட்டினார். இடப்பக்கத்துக்கு ஒளி கிடையாது. ஒரே வாயில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுதான் வழி. பல் தேய்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது என்றார். அம்சவல்லியும் தலையாட்டினாள்.

சில வாரம் கழித்து ஈறை அளந்த ஃபிஜா நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறியிருக்கேக்கா. அப்போ லைட்டால ஒண்ணுமே ஆகலையா?"

அம்சவல்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணா வந்துடுச்சா? அதுக்குத்தான் எடது பக்கம் மட்டும் தெனம் கடுக்காப் பொடியும் உப்பும் வச்சுத் தேச்சினு இருந்தேன்."

"இன்னாது?"

"பின்ன இன்னா டாக்டரம்மா? வலதுக்கு மாப்ள விருந்து, எடது அதப் பாத்துனு கெடக்கணுமா? ரெண்டும் என் வாயிதானே?"

ஃபிஜா சிரித்துவிட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "எது குணமாக்குச்சுன்னு இனிமே யாருக்குத் தெரியும்? உங்கள ஆராய்ச்சில சேர்க்க முடியாதுக்கா."

சிரிப்பு அப்படியே நின்றது. அம்சவல்லியின் கை தாடைக்குப் போனது. "அப்போ பல்லப் புடுங்கிடுவீங்களா?"

"ஆராய்ச்சிதான் இல்ல, வைத்தியம் உண்டு. கடுக்காய வுடுங்க. மொதல்ல அந்தப் பாக்க வுடுங்க."

"லைட்டு?"

"வைக்கிறேன். அது உதவுமான்னு எனக்கே இன்னும் தெரியாது, சொல்லிட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்து வண்டியின் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அம்சவல்லி சாய்நாற்காலியில் ஏறினாள். லேசர் ஒளி கண்ணில் படாமலிருக்கத் தரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஃபிஜாவின் கை பழக்கதோஷத்தில் வலப்பக்கம் வந்தது. அந்தக் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, இடது கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் வாயைத் திறந்தாள்.