வெங்காயத்துக்கு ஒரு டம்ளர்

கூடையின் அடியில் மறந்துபோன வெங்காயம் ஒன்று இன்று வெள்ளை வேர் விட்டிருந்தது. பார்த்ததும், அடையாற்றங்கரையில் இப்போது இல்லாத எங்கள் சந்தும், பிளஸ் டூ உயிரியல் செய்முறைக்காக நான் ஜன்னலில் டம்ளர் மேல் உட்காரவைத்த வெங்காயமும், சகதியும் கருவாடும் கலந்த அந்தக் காற்றோடு திரும்பி வந்தன.

வேர் நுனியில் செல் பிரிவதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதுவரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் சந்தில் யாரிடம் கேட்பது? நான் கேட்கவே இல்லை. குடத்துக்குக் குடம் சண்டை போடும் பக்கத்து வீட்டு செல்வி அக்கா, லாரி போனதும் தன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்து, இடுப்புக் குடத்தைச் சாய்த்து முதல் தண்ணீரை டம்ளரில் ஊற்றுவாள். "இன்னாமே, உன் வெங்காயம் ஒழுங்கா படிக்குதா?" என்பாள். வெங்காயமில்லாமல் குழம்பு வைத்த நாளிலும் அம்மா அதைத் தொடவில்லை.

ரிசல்ட் வருவதற்குள் சந்து வீடுகளை இடித்து, எங்களை ஆளுக்கொரு பக்கமாக ஊருக்கு வெளியே ஏற்றிப்போனார்கள். அக்காவை அப்புறம் பார்க்கவில்லை.

இன்று அந்த வெங்காயத்தை நறுக்க மனம் வரவில்லை. டம்ளர் மேல் வைத்துக் குழாயைத் திறந்தேன். சண்டையே இல்லாமல் தண்ணீர் வந்தது. வேர் நனைந்ததும் மெல்லச் சொன்னேன்:

"பாஸாயிடிச்சுக்கா."