எண்ணெய் ஊறிய மட்டை

நான், மகள், மருமகன், பேரன். கடல் கடந்து சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுப் பின்பக்கம் இவ்வளவு பேர்தான் இருந்தோம். பேரனின் புது கிரிக்கெட் மட்டைக்கு மருமகன் லின்சீட் எண்ணெய், அதான் ஆளிவிதை எண்ணெய், தடவினார். அந்த வாசனை என்னைப் புரசைவாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே எங்கள் மாடியில் துரை மாமா குடியிருந்தார். இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர். அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. ரேடியோவில் அணியை அறிவிக்கும் நாளில் காலையிலேயே மட்டைக்கு எண்ணெய் போட்டு, சுவரில் சாய்த்துவைப்பார்.

"நான் தாளிக்கக்கூட இவ்வளவு எண்ணெய் விடறதில்லை" என்பார் மாமி.

"கூப்பிட்டா உடனே கிளம்பணுமில்ல?"

வீடே ரேடியோவைச் சுற்றி உட்காரும். எத்தனையோ வருஷம் அப்படிக் கேட்டோம். அவர் பெயர் வரவில்லை. கடைசித் தடவை, பெயர்களை வாசித்து முடித்ததும் மாமா மட்டையைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நல்லா ஊறியிருக்கு. தெருவுல ஆடுங்கடா."

அதன்பிறகு மாடியிலிருந்து அந்த வாசனை வந்ததில்லை.

இதைச் சொன்னதும் பேரன் நிமிர்ந்து பார்த்தான். அந்த டெஸ்டில் அவர் எத்தனை ரன் எடுத்தார் என்று இங்கிலீஷில் கேட்டான்.

இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து ஏழு.