இரண்டாவது தடவை பார்க்காமல்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்போரூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருந்தேன். வீடு செங்கல்பட்டில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். டிப்ளமோ முடித்து ஐந்து வருஷம், கல்யாணமாகி எட்டு மாதம். என்னைப் போலப் பொறுமையாக மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆளைப் பார்த்ததில்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பொறுமை இல்லை, பயம் என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் மதியத்துக்கு மேல் திருவிடந்தையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரத்தக்கொதிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாத்திரை எழுதியிருந்தார்கள். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று சொன்னேன். கோயிலுக்குக் கிழக்கே கடைசி வீடு தன்னுடையது, அந்தப் பக்கம் வந்தால் மீன் வாங்கிப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்கால பஸ்ஸில் பாதி வழி வந்தபோது அந்தக் கேள்வி வந்தது. எந்த டிராயரிலிருந்து எடுத்தேன்? கொதிப்பு மாத்திரை மேல் டிராயரில், சர்க்கரை மாத்திரை அதற்குக் கீழ் டிராயரில். இரண்டும் வெள்ளி அட்டை. பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சர்க்கரை இல்லாத மனிதர் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனால்? படகில் வியர்த்து, கண் இருட்டி, மயங்கி விழுந்தால்? என் கை டிராயரை இழுப்பதை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். முதல் தடவை அது மேல் டிராயராக இருந்தது. அடுத்த தடவை கீழ் டிராயராக ஆகிவிட்டது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேனோ அத்தனை தடவையும் அது இன்னும் கலங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்துக் கடைக்குத் திரும்பினேன். முதலாளி கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். குடையை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி உள்ளே போய் இரண்டு டிராயரையும் பார்த்தேன். பார்த்தும் நிம்மதி வரவில்லை. டிராயரில் இருக்கிற அட்டைகளை வைத்து, அவர் பையில் இருக்கிற அட்டை எதுவென்று எப்படிச் சொல்வது?

இப்படித் திரும்பிப் போவது எனக்குப் புதிதில்லை. பூட்டிய கதவு, மூடிய கேஸ் அடுப்பு, கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் திரும்பிப் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லி, "சரியாத்தான குடுத்திருப்பேன்?" என்று கேட்பேன். சரியாகத்தான் கொடுத்திருப்பீர்கள் என்பாள். கொஞ்ச நேரம் மனசு ஆறும். பிறகு இவளுக்கு எப்படித் தெரியும், இவள் என்ன பக்கத்திலா நின்றாள் என்று தோன்றும். மறுபடி கேட்பேன். ஆனால் ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கே போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் திருவிடந்தைக்குப் போனேன். மீனவர் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெடிக்கல்காரன் வந்திருக்கிறேன், மாத்திரையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்தார். சரியான மாத்திரை. பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை போனவன், படித்தது சரிதானா என்று திரும்பி வந்து மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை வந்தபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே அட்டையை நீட்டினார். ஒன்றுமில்லை, நல்ல மாத்திரைதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா மட்டும் கடைக்கு வந்தார். மீனவர் கரையில் வலை இழுக்கும்போது விழுந்துவிட்டார். கொதிப்பு எகிறி, வாய் ஒரு பக்கம் கோணி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறார். இடது கை விரல்கள் மடங்கவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று முதலாளி கேட்டார். அந்த அம்மா என்னைக் கை காட்டினார்.

"இந்த ஆளு வூட்டாண்ட வந்து மூணு தபா அட்டைய வாங்கி வாங்கிப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப்போயி இருந்துச்சு. அதுல இன்னாவோ கீது, நம்மகிட்ட மறைக்கிறாருன்னு பயந்து போயி நான்தான் மொத்தத்தையும் கடல்ல வீசிட்டேன்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. தான் செய்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்கத்தான் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. தப்பு நடந்துவிடக்கூடாது என்று பயந்து நான் செய்ததுதான் ஒரு மனிதரைக் கீழே தள்ளியது. இனி எந்தப் பக்கம் கை வைத்தாலும் ஆபத்துதான் என்று தோன்றியது. மனைவிக்குக் காபி கலக்கும்போது, சர்க்கரைதானா, வேறு ஏதாவதா என்று டப்பாவை முகர்ந்து பார்த்தேன். ஒருநாள் அந்தக் காபியை வாஷ்பேசினில் கொட்டினேன். அவள் பார்த்துவிட்டாள்.

அவள் அச்சரப்பாக்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், நர்சரிப் பள்ளியில் டீச்சர். சத்தம் போட்டுப் பேசமாட்டாள். அன்றைக்கும் போடவில்லை. செங்கல்பட்டிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் மனசுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, செவ்வாய்க்கிழமை போகலாம் என்றாள். அது பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்றேன். "எனக்கு உங்களப் பாத்தா பயமா இருக்குங்க" என்றாள். அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை.

அங்கே வரிசையில் நிற்கும்போது என் கடைக்கு வருகிற ஒருவரைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். எத்தனையோ பேருக்கு அதை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்குகிறவர்களைப் பாவமாகப் பார்த்திருக்கிறேன். மாத்திரையோடு வாரம் ஒருநாள் தெரப்பிக்கும் வரவேண்டும் என்றார்.

தெரப்பிக்கு இருந்தது என்னைவிட வயது குறைந்த ஒரு பெண். சென்னையில் படித்துக்கொண்டே பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். இந்தச் சின்னப் பெண் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் தப்பே செய்யமாட்டீர்கள், தைரியமாக இருங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் நாள் மீனவர் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு, வேலையில் ஒரு மருந்தை எத்தனை தடவை சரிபார்க்கவேண்டும் என்று படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள் எனக் கேட்டார். சீட்டைப் படிக்கவேண்டும், அட்டையைப் படிக்கவேண்டும், கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"அது தொழில் சார். அத விட்டுடாதீங்க. அதுக்கப்புறம் ரெண்டாவது தடவை பாக்குறீங்களே, அது மருந்துக்காக இல்ல. பயத்துக்காக."

"பாக்கலன்னா தப்பா இருந்தா என்ன பண்றது மேடம்?"

"தப்பா இருக்கலாம். இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நிச்சயம் வேண்டும் என்றுதான் நான் அங்கே போனேன். நிச்சயம் இல்லாமல் இருக்கப் பழகவேண்டும் என்று அவர் சொன்னார்.

இன்னொரு வாரம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா ரயில்வே கேட் கீப்பர். அவர் வேலையில் ஒரே ஒரு தப்புக்கு உயிர் போகும். கேட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார். நான் கடையிலிருந்து உப்பு வாங்கி வந்தாலும், "நல்லாப் பாத்தியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்று ஒருநாளும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டேன். அப்பா கண்டிப்பான மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் வேலைக்காலம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

பயிற்சி எளிதாகத்தான் தெரிந்தது. மருந்து கொடுத்த பிறகு டிராயரைத் திறக்கக்கூடாது. பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கக்கூடாது. பயம் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரவேண்டும். மனைவியையும் கூப்பிட்டு, "சரியா இருக்குமா?" என்று நான் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்றார். ஒவ்வொரு பதிலும் அந்தப் பயத்துக்குப் போடுகிற தீனி என்றார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மனைவி லீவு போட்டுவிட்டு சாயங்காலம் கடைக்கு வந்தாள். சேர்ந்து பஸ் ஏறினோம். ஒரு கைக்குழந்தைக்கு அன்றைக்கு சிரப் கொடுத்திருந்தேன். பஸ் கிளம்பியதும் ஆரம்பித்துவிட்டது. அளவு மாறியிருந்தால்? அந்தக் குழந்தை தூங்கி எழுந்திருக்காமல் போனால்? நோட்டில் எழுபது என்று எழுதினேன், பிறகு தொண்ணூறு. எழுத்து கோணிக்கொண்டு போனது.

"ஒரே ஒரு தடவை சொல்லு. சரியாத்தான் குடுத்திருப்பீங்கன்னு சொல்லு, போதும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெஞ்சினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். உனக்கு ஈவிரக்கமே இல்லையா என்றுகூடக் கேட்டேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாயைத் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டேன். அவளும் பின்னாலேயே இறங்கினாள். அந்தக் குழந்தையின் வீட்டைத் தேடிப் போய் பாட்டிலைப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. தான்தான் அவசரப்பட்டுவிட்டேன், குழந்தை மருந்தைப் பயிற்சியில் இவ்வளவு சீக்கிரம் சேர்த்திருக்கக்கூடாது என்றார். அவருக்கும் தன்மேல் சந்தேகம் வரும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் சந்தேகம் வந்தும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. சின்னதிலிருந்து தொடங்கலாம் என்று திருத்தி எழுதினார். முதலில் தலைவலித் தைலம், சத்து மாத்திரை இவற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கவேண்டும். பிறகு காய்ச்சல் மாத்திரை. கொதிப்பு மாத்திரைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அன்றைக்கு பஸ்ஸில் பயம் தொண்ணூற்றைந்து வரை போனது. சீட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அறுபது. வீட்டில் சாப்பிட்டு முடித்தபோது முப்பத்தைந்து. யாரும் எனக்கு எதையும் உறுதி சொல்லவில்லை. அது தானாகவே இறங்கியிருந்தது. பயம் தானாக இறங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இறங்குகிற வரை நான் எப்போது காத்திருந்தேன்?

மீனவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். அந்தப் பெண் யோசித்தார். பரவாயில்லை என்று அவர் வாயால் கேட்பதற்காகப் போகிறீர்களா, நடந்ததைச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டார். சொல்லத்தான் என்றேன். ஒரே ஒரு தடவை போய் வாருங்கள் என்றார்.

மீனவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரப்பர் பந்து ஒன்றை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசுக்கு வைத்தியம் நடக்கிறது, மாத்திரையில் ஒரு குறையும் இல்லை, என் பயத்தால்தான் உங்கள் வீட்டில் பயந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பந்தை அமுக்குவதை நிறுத்தவில்லை.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நைனா? எனக்குத்தான் டவுட்டு, மாத்திரை நல்லாத்தான் கீதுன்னு ஒரு வார்த்த."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு அவர் படகில் ஏறவில்லை, கரையில்தான் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த விரல்களை எந்தத் தெரப்பியும் எனக்கு மறக்கடிக்கவில்லை.

ஏழு மாதத்தில் அந்தப் பெண் பயிற்சிக் காலம் முடிந்து போய்விட்டார். கடைசி நாள், பயம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வரும், வந்தால் நோட்டை எடுங்கள் என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், வாழ்நாளெல்லாம் நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. கூட்ட நேரம். ஓர் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையில் சின்ன அளவுக்குப் பதில் பெரிய அளவைக் கொடுத்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை அன்றைக்கு ஒருவருக்கு மட்டும் விட்டிருந்தேன். சாயங்காலம் இருப்பைச் சரிபார்க்கும்போது தெரிந்தது. இது சந்தேகம் இல்லை, தப்பு கண் முன்னால் இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். சீட்டு எழுதிய டாக்டருக்கு போன் செய்தேன். பிறகு சரியான அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், தப்பாகக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று வாசலில் நின்றே சொன்னேன். அந்த அம்மா இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை. அவர் மகன் என்னை நன்றாகத் திட்டினான். கேட்டுக்கொண்டேன். புது அட்டையை ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பயந்துட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸிலேயே போனேன். கடையில் முதல் மருந்துச் சீட்டு ஒரு கொதிப்பு மாத்திரைக்கு. படித்தேன், எடுத்தேன், வாய்விட்டுச் சொன்னேன், கொடுத்தேன். அடுத்த ஆள் சீட்டை நீட்டினார்.